வளைகாப்புக்கு வராதவள்

தி.நகர்
11 மே 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

மீனாட்சி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கல்யாணத்தன்று மண்டபத்துப் படியேற நீங்கள் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்குச் சர்க்கரை ஏறாமல் இருக்கிறது. லாவண்யாவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, கால் மட்டும் வீங்குகிறது.

ஒரு ஆட்டோ தூரத்தில் இருந்துகொண்டு இவள் எதற்குத் தபால் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் மகள் ஹம்சினி எங்கள் ராகேஷை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, "இனி அந்த வீட்டோட யாரும் பேசக்கூடாது" என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் துணிக்கடையில் ஒரு விலை சொன்னால் இறங்காத மனிதர். ஆனால் பேசக்கூடாது என்றுதான் சொன்னார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ஏப்ரலில் லாவண்யாவுக்கு வளைகாப்பு. அண்ணன் பெண்டாட்டி கையால்தான் முதல் வளையல் என்று என் மகள் ஆசையாக இருந்தாள். அண்ணி வரவில்லை. ராகேஷ் தனியாக வந்து நின்றான். கோவில்பட்டியிலிருந்து வந்த சொந்தமெல்லாம் எங்கே எங்கே என்று கேட்க, "வரலைன்னு சொல்லிட்டா" என்றான். காய்ச்சல் இல்லை, ஆபீஸ் இல்லை, காரணமே இல்லை. சாயங்காலம் அவர்கள் குடியிருக்கும் அடையாறு வீட்டுக்குப் போனவனோடு பெரிய சண்டை. மறுநாள் பெட்டியோடு மயிலாப்பூர்.

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். ஆள் வேறே, சாப்பாடு வேறே என்று ஊர் பேசினபோது நாங்கள் இரண்டு பேரும் பிள்ளை பக்கம் நின்றோம். அதற்குக் கிடைத்த மரியாதை இதுவா? நீங்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். மகளிடம் கேட்டு எழுதுங்கள்.

வெயில் கடுமையாக இருக்கிறது. மத்தியானம் வெளியே போகாதீர்கள்.

இப்படிக்கு,
மீனாட்சி ராஜரத்தினம்


மயிலாப்பூர்
16 மே 2025

அன்புள்ள மீனாட்சி அம்மாளுக்கு,

சாருலதா வணக்கம். முழங்காலை நினைவு வைத்துக் கேட்டதற்கு நன்றி. படியில்லாத இடத்தில் அது தொந்தரவு செய்வதில்லை. லாவண்யாவைக் காலை உயரமாக வைத்துப் படுக்கச் சொல்லுங்கள்.

ஹம்சினியிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வரலைன்னு சொன்னேன். அவன் மட்டும் போனான். போட்டோவெல்லாம் குரூப்ல வந்துது. எல்லாத்துலயும் பல்லைக் காட்டிண்டு நிக்கறான். சாயங்காலம் ஸ்வீட் டப்பாவோட வந்து, எல்லாரும் உன்னைக் கேட்டாளாம்னான். உன்னால எப்படிச் சிரிக்க முடிஞ்சுதுன்னு கேட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றேன்னு கத்தினான்."

அவ்வளவுதான். மேலே கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவளுடைய அப்பா இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவர் போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் வேலை சிறுகதைப் பாடம் எடுப்பது. அந்தப் பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். "நான்" என்று சொல்லி ஒருவர் கதை சொன்னால், அவர் கண் போன இடத்துக்கு மட்டும்தான் நம்மைக் கூட்டிப்போக முடியும். அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தது அந்தக் கதையில் இருக்காது. ராகேஷ் சொல்கிற கதையில் ஹம்சினி வெறும் "வரலை" என்ற ஒரு சொல். ஹம்சினி சொல்கிற கதையில் அவர் வெறும் போட்டோ. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கதையிலும் ஒரு ஆள் காணோம்.

நீங்கள் அந்த மண்டபத்தில் இருந்தீர்கள். ராகேஷ் உங்களிடம் சொன்னதைத் தள்ளி வையுங்கள். நீங்கள் உங்கள் கண்ணால் என்ன பார்த்தீர்கள்?

லாவண்யாவுக்கு என் ஆசிகள்.

சாருலதா


தி.நகர்
20 மே 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

என் மகன் கதை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். முதல் வளையலைப் போட்டுவிட அண்ணி இல்லாமல் என் மகள் மணையில் உட்கார்ந்து அழுதாளே, அதை நான் பார்த்தேன். அது போதாதா?

பாடத்தை உங்கள் மாணவிகளுக்கு நடத்துங்கள்.

கோபத்தில் எழுதினாலும் கேட்காமல் முடிக்க வரவில்லை. முழங்காலுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா, இல்லையா?

மீனாட்சி


தி.நகர்
22 ஜூன் 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

மீனாட்சிதான். உங்ககிட்டேயிருந்து பதிலே இல்லை. நான் எழுதின லட்சணத்துக்குப் பதில் எதிர்பார்க்கிறதும் நியாயமில்லை. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? இன்னிக்கு நல்ல தமிழெல்லாம் தேடலை, பேசுற மாதிரியே எழுதுறேன்.

கல்லாவுல ஆள் இல்லாத நேரம் வாரப் பத்திரிகையில ஒரு தொடர்கதை படிப்பேன். அதுல மருமக நல்லவ, மாமியார் கெட்டவ. இத்தனை வாரமா அந்த மாமியாரைத் திட்டிக்கிட்டே படிச்சேன். போன வாரம் திடீர்னு தோணுச்சு, மருமக சொல்லித்தானே இந்தப் பொம்பளையை நமக்குத் தெரியும், இவ வாயைத் திறந்தா என்ன சொல்லுவான்னு. பத்திரிகையை மூடி வச்சுட்டேன். உங்களால நிம்மதியா ஒரு தொடர்கூடப் படிக்க முடியலை.

நீங்க கேட்டீங்களே, கண்ணால என்ன பார்த்தேன்னு. சொல்லுதேன்.

பந்தி நடக்கும்போது குழம்பு வாளி தேடிக்கிட்டு மண்டபத்துப் பின்பக்கம் போனேன். கைகழுவுற இடத்துல ராகேஷ் நின்னான். குழாயைத் திறந்துவிட்டுட்டு, முகத்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு நின்னான். தோள் குலுங்குச்சு. தண்ணிச் சத்தத்துல அழுகைச் சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு திறந்துவிட்டிருக்கான். நான் கிட்டப் போகலை. பொண்டாட்டி இப்படித் தலைகுனிய வச்சுட்டாளேன்னு அழுவுறான்னு நினைச்சு, எனக்கு அவ மேல ஆத்திரம்தான் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல முகத்தைத் துடைச்சுட்டு உள்ள போனான். போட்டோக்காரர் கூப்பிட்டதும் தங்கச்சி பக்கத்துல நின்னு சிரிச்சான்.

அந்தச் சிரிப்பைத்தான் உங்க மக போன்ல பார்த்திருக்கா.

அவமானத்துக்கு ஒரு ஆம்பளை அப்படி அழுவானா? எனக்கு இப்பச் சந்தேகமா இருக்கு.

பதில் போடுங்க. கோபம் இருந்தா அதையும் எழுதுங்க.

மீனாட்சி


மயிலாப்பூர்
27 ஜூன் 2025

அன்புள்ள மீனாட்சிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. விடைத்தாள் திருத்துகிற வேலை என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில் கொஞ்சம் வருத்தம். உங்கள் கடிதம் வந்து அதைக் கரைத்துவிட்டது. டாக்டரிடமும் காட்டினேன். நடக்கச் சொல்கிறார். கபாலி கோவிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்.

குழாயடியில் நீங்கள் பார்த்ததை ஹம்சினியிடம் இன்னும் சொல்லவில்லை. அது என்ன அழுகை என்று தெரியாமல் சொன்னால், நானும் என் இஷ்டத்துக்கு அர்த்தம் வைத்துச் சொன்னவளாகிவிடுவேன்.

நம்மிடம் இப்போது இருப்பது ஒரு வரிசை. வளைகாப்புக்கு வரவில்லை, சண்டை போட்டார்கள், பிரிந்தார்கள். வரிசையாகச் சொன்னால் மட்டும் கதை ஆகிவிடாது. "மழை வந்தது, கடையை மூடினார்கள்" என்றால் கேட்டுவிட்டுப் போய்விடுவோம். "மழை வரும் என்று பொய் சொல்லிக் கடையை மூடினார்கள்" என்றால் விடுவோமா? ஏன் மூடினார்கள் என்று கேட்போம். கதைக்கு உயிர் அந்த "ஏன்"-இல் இருக்கிறது.

ஒரு வளைகாப்புக்காக மூன்று வருஷக் கல்யாணம் உடையுமா, மீனாட்சி? காரணம் இவ்வளவு சின்னதாகவும் விளைவு இவ்வளவு பெரியதாகவும் ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தால், "நீ கதையை நடுவில் ஆரம்பித்திருக்கிறாய், இன்னும் முன்னால் போ" என்பேன். நம் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஆரம்பிக்கிறார்கள். வளைகாப்புக்கு முன்னால் ஒன்றுமே நடக்காத மாதிரி. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் பழைய குப்பையையெல்லாம் கிளறுவார்கள். இவர்கள் கிளறவில்லை. பேசி வைத்துக்கொண்ட மாதிரி எதையோ சேர்ந்து தாண்டிப் போகிறார்கள்.

முன்னால் போய்ப் பாருங்கள். இந்த வருஷம் ஹம்சினி உங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் என்ன செய்தாள்? சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள்.

லாவண்யாவை அதிகம் நிற்கவிடாதீர்கள்.

சாருலதா


தி.நகர்
5 ஜூலை 2025

அன்புள்ள மதினிக்கு,

இனிமே அப்படித்தான் கூப்பிடப் போறேன், கோவிச்சுக்காதீங்க. முதல்ல நல்ல சேதி. லாவண்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கு. தாயும் பிள்ளையும் சுகம். எங்க வீட்டுக்காரவுக கடையை மருமகன்கிட்ட விட்டுட்டுப் பேத்தி முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காக. ஆஸ்பத்திரியில ராகேஷ் வந்து பார்த்தான். குழந்தையைத் தூக்கச் சொன்னதுக்கு, கை கழுவலைன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டான்.

நீங்க கேட்டதை யோசிச்சேன்.

பொங்கலுக்கு ரெண்டு பேரும் வந்தாக. ஹம்சினிக்குக் காப்பின்னா உயிர், உங்களுக்குத் தெரியாததா. அன்னிக்கு நான் போட்ட காப்பியை மூக்குக்கிட்ட கொண்டு போனவ அப்படியே கீழ வச்சுட்டா. நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள ராகேஷ் அதை எடுத்துக் குடிச்சுட்டான். மயிலாப்பூர்ப் பொண்ணுக்கு நம்ம வீட்டுக் காப்பி இறங்கலையாக்கும்னு எனக்குச் சுருக்குன்னுச்சு. பொங்கப் பானையை அவ தூக்கப் போனப்போ ராகேஷ் ஓடி வந்து வாங்கிக்கிட்டான். பொண்டாட்டியை ஒரு வேலை செய்ய விடமாட்டேங்கானேன்னு அதுக்கும் முணுமுணுத்தேன். ஆனா அன்னிக்கு ரெண்டு பேர் முகத்துலயும் ஒரு சிரிப்பு, மறைச்சு மறைச்சு. எதுக்குன்னு எனக்கு விளங்கலை.

மறுபடி மார்ச்சுல வந்தா. லாவண்யா வயித்தைக் காட்டி, "அண்ணி, உதைக்குது, கை வச்சுப் பாருங்க"ன்னா. ஹம்சினி போன் அடிக்குதுன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டா. போன் அடிக்கலை, மதினி. எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

இதையெல்லாம் அப்ப ஒவ்வொண்ணா ஒவ்வொரு குத்தமா வச்சிருந்தேன். இப்ப வரிசையா எழுதிப் பார்த்தா எதுவும் குத்தமாத் தெரியலை. இதுக்கு மேல எழுத மாட்டேன். நீங்களே படிச்சுப் பாருங்க.

மீனாட்சி


மயிலாப்பூர்
29 ஜூலை 2025

அன்புள்ள மீனாட்சிக்கு,

பேத்தி பிறந்ததற்கு உடனே வாழ்த்தியிருக்க வேண்டும். முடியவில்லை. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாளா? லாவண்யா தூங்குகிறாளா? என் வாழ்த்தை இப்போது ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும், நானும் ஒன்றைத் தப்பாகப் படித்து வைத்திருந்தேன் என்று தெரிந்தது. பிப்ரவரி கடைசியில் ஹம்சினி சில நாள் இங்கே வந்து படுத்திருந்தாள். வைரல் ஜுரம் என்றார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். இப்படியும் ஒரு மாப்பிள்ளையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டேன்.

உங்களிடம் பொங்கலும் மார்ச்சும் இருந்தன. என்னிடம் பிப்ரவரி இருந்தது. அதை நடுவில் வைத்துப் படித்தேன். காப்பியை ஒதுக்கினாள். பிறகு படுத்தாள். அதனால் லாவண்யாவின் வயிற்றில் கை வைக்க அவளால் முடியவில்லை. அதனால்தான் வளைகாப்புக்கு வரவில்லை.

ஒரு குழந்தை வந்து, நம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கிறது, மீனாட்சி.

இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

மூன்று மாசம் முடிந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்திருப்பார்கள். அதற்குள் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிருக்கும். வந்ததையே சொல்லாதபோது போனதை எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டில் லாவண்யாவின் சந்தோஷம் வேறு நடந்துகொண்டிருந்தது. அதைக் கெடுக்க வேண்டாம் என்றும் நினைத்திருக்கலாம். ராகேஷ் தங்கைக்காகப் போய் நின்றார், குழாயடியில் அழுதார், போட்டோவுக்குச் சிரித்தார். ஹம்சினிக்குக் கிடைத்தது சிரிப்பு மட்டும்.

ஆனால் இது நாம் இரண்டு பேர் சேர்ந்து ஊகித்தது. போய் எதிரில் நின்று "எனக்குத் தெரியும்" என்று சொன்னால் அவளிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதைச் சொல்கிற உரிமை அவளுடையது. அதனால் நான் கேட்கவில்லை. நேற்று அவளை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ம்மா" என்று சொன்னாள்.

அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கதையைப் படிக்கத்தான் எனக்கு வரும்.

சாருலதா


தி.நகர்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்க கடுதாசியைக் கடை மாடியில, சேலைக் கட்டுக்கு நடுவுல உட்கார்ந்து படிச்சேன். எவ்வளவு நேரம் இருந்தேன்னு தெரியலை. மூக்கைச் சிந்திட்டுக் கீழ வந்தா, "தூசியா?"ன்னு அவுக கேட்டாக. ஆமான்னேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்காங்க. பயப்பட ஒண்ணுமில்லை.

நீங்க சொன்னது சரி. அவ சொல்றவரைக்கும் நாம வாயைத் திறக்கக்கூடாது. ஆனா எங்க வீட்டுல தினமும் அவளைப் பத்தி ஒரு பேச்சு ஓடுதே, அதை நிறுத்தணுமில்லையா? குழந்தையைப் பார்க்க வர்றவங்க எல்லாம், "மருமக வரலையாமே"ன்னுதான் ஆரம்பிக்காங்க. அதனால நான் ஒரு காரியம் செஞ்சேன். நீங்க திட்டினாலும் சரி.

போன ஞாயித்துக்கிழமை அவுக சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில சொன்னேன், "ஹம்சினியை வளைகாப்புக்கு வரவேண்டாம்னு சொன்னது நான்தான்."

அவுக கை அப்படியே நின்னுச்சு. "என்ன சொல்லுத?"

"அவளுக்கு அம்மை போட்டிருந்துச்சு. வயித்துப்பிள்ளைக்காரி பக்கத்துல வரலாமா? லாவண்யா மாமியார் காதுல விழுந்தா பயந்து போவாகன்னு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினேன். நீங்க இவ்வளவு கோபப்படுவீகன்னு எதிர்பார்க்கலை. அப்புறம் சொல்லப் பயமாயிருந்துச்சு."

"ராகேஷ் மட்டும் வந்தானே, அவனுக்கு ஒட்டாதா?"

"அவனுக்குப் பள்ளிக்கூடத்துலயே வந்து போச்சு. ஒரு தடவை வந்தா திரும்ப வராது."

"அப்ப மறுநா எதுக்கு அவ அம்மா வீட்டுக்குப் போனா?"

"அம்மை போட்ட பிள்ளை அம்மாகிட்டப் போகாம வேற எங்க போகும்?"

மதினி, இவ்வளவு வேகமா எனக்குக் கதை கட்ட வரும்னு எனக்கே தெரியாது. நீங்க சொன்ன மாதிரி ஒவ்வொரு "ஏன்"னுக்கும் ஒரு "அதனால" வச்சுட்டேன். அவுக பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டாக. ரெண்டு நாள் என்கூடப் பேசலை. பரவாயில்லை. திட்டு என் பக்கம் திரும்புச்சுல்லா, அது போதும். லாவண்யா மட்டும், "ஏன்ம்மா என்கிட்டகூடச் சொல்லலை, அண்ணியைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே"ன்னு அழுதா.

சேதி அன்னிக்கே ராகேஷுக்குப் போயிருக்கு. மறுநாள் ஆபீஸ் போகாம இங்க வந்தான். நான் அடுக்களையில கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன்.

"அம்மா, அவளுக்கு அம்மையெல்லாம் போடலை"ன்னான்.

"தெரியும்லே"ன்னேன்.

என் முகத்தையே பார்த்தான். அப்புறம் கீரைக்கட்டு பக்கத்துலயே தரையில உட்கார்ந்து, என் மடியில முகத்தை வச்சுக்கிட்டான். மண்டபத்துல அழுத அதே அழுகை. இந்தத் தடவை குழாய் இல்லை. அவன் வாயால எல்லாத்தையும் சொன்னான். நான் ஒண்ணும் கேக்கலை, முதுகைத் தடவிக்கிட்டே இருந்தேன். நாம நினைச்சதுதான்.

"அவகிட்ட இதையெல்லாம் சொல்லியிருக்கியா?"ன்னேன். "எதை?"ன்னான். "நீ அழுததை."

இல்லைன்னு தலையை ஆட்டினான். அவ முன்னாடி தைரியமா இருக்கணும்னு நினைச்சானாம்.

அங்க வருவான். கதவைத் திறந்து வையுங்க.

மீனாட்சி


மயிலாப்பூர்
25 ஆகஸ்ட் 2025

என் அன்பு மீனாட்சிக்கு,

மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கோங்கோ. கீரையோடு பாகற்காயும் சேர்த்துக்கோங்கோ. எனக்கு முழங்கால் இருக்கிறதே மறந்துபோச்சு. நானும் இன்னிக்கு உங்களை மாதிரி பேசற பாஷையிலேயே எழுதறேன்.

ராகேஷ் வந்தார். வாசல்லயே நின்னுண்டு, "அத்தை, ஹம்சினியைப் பார்க்கலாமா?"ன்னு யாரோ மாதிரி கேட்டார். உள்ளே போகச் சொன்னேன். எங்க பிளாட்டுல சுவர் மெல்லிசு. அடுக்களையில நின்னா எல்லாம் கேக்கும்.

"எங்கம்மா உனக்கு அம்மை போட்டிருந்துதுன்னு வீடு முழுக்கச் சொல்லிட்டாங்க."

"எனக்கா? அம்மையா?" ஹம்சினிக்குச் சிரிப்பு வந்துடுத்து. எத்தனை மாசமாச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு! "அவாகிட்ட நீ சொல்லிட்டியா?"

"அதுக்கு மறுநாள்தான் சொன்னேன். முன்னாடி நான் சொல்லலை. அவங்க கேக்கவும் இல்லை. நானும் அழுதேன் ஹம்சி. அன்னிக்கு மண்டபத்துல, பின்னாடி..."

அதுக்கு மேல நான் கேக்கக்கூடாதுன்னு பையை எடுத்துண்டு தெற்கு மாட வீதிக்குப் போயிட்டேன். வேண்டாத காயெல்லாம் வாங்கினேன். திரும்பி வந்தப்போ ராகேஷ் கால்மாட்டுல இல்லை, அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தார். ஹம்சினி முகமெல்லாம் வீங்கியிருந்துது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுடி கண்ணா."

ஒண்ணுமே தெரியாதவ மாதிரி உட்கார்ந்து கேட்டேன். பொங்கலுக்கு முன்னாடியிலேருந்து ஆரம்பிச்சா. தெரிஞ்ச விஷயம்தானேன்னு நினைச்சேன், மீனாட்சி. இல்லை. அவ வாயால வந்தப்போ எல்லாமே எனக்குப் புதுசா இருந்துது. நாம ரெண்டு பேரும் எலும்பைத்தான் சரியா அடுக்கியிருக்கோம். வலி எங்கே இருந்துதுன்னு அவ சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது.

இத்தனை வருஷமா வகுப்புல "யார் பார்வையில் கதை போறதுன்னு பாருங்கோ"ன்னு சொல்லிண்டே இருக்கேன். இன்னொருத்திக்கு விழுந்த பழியைத் தன் தலையில ஏத்துண்டு, அவளுக்குப் பேச இடம் பண்ணிக் கொடுக்க எனக்குத் தெரியலை. நீங்க பண்ணினேள். நன்றின்னு எழுதிப் பார்த்தேன், ரொம்பச் சின்ன வார்த்தையா இருக்கு. இருந்தாலும் எழுதறேன். நன்றி.

உங்கள்
சாருலதா


தி.நகர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மதினிக்கு,

நன்றியெல்லாம் எனக்கு எதுக்கு? கண்ணால என்ன பார்த்தேன்னு நீங்க கேக்காட்டி, நான் இன்னிக்கும் அந்தக் காப்பியை நினைச்சுப் பொருமிக்கிட்டு இருந்திருப்பேன். என் வீட்டுக்குள்ளயே நடந்ததை எனக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நீங்க. நான்தான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன். சர்க்கரையும் இறங்கிடுச்சு.

ரெண்டு பேரும் அடையாறு வீட்டுக்கே போயிட்டாகன்னு ராகேஷ் சொன்னான். ஜன்னலுக்குப் புதுத் திரை வேணும்னு கடையிலிருந்து துணி எடுத்துட்டுப் போனான். மஞ்சள் கேட்டாளாம்.

இன்னொரு விஷயம். நேத்து அவுக போனை என் கையில கொடுத்து, "மயிலாப்பூர் சம்பந்தியம்மாகிட்டப் பேசு. சௌக்கியம் கேட்டேன்னு சொல்லு"ன்னாக. எனக்குத் திக்குன்னுச்சு. "கோபம் போச்சா?"ன்னு கேட்டேன்.

"அம்மைக் கதையை நான் நம்பினேன்னு நினைச்சியா? அவனுக்கு அம்மை போட்டதே இல்லையே. பிள்ளைகளுக்கு ஏதோ கஷ்டம், நீ மறைக்கிற. அது என்னன்னு எனக்குச் சொல்லவேண்டாம். நல்லா இருக்காகளா, அதை மட்டும் சொல்லு"ன்னாக.

நல்லா இருக்காகன்னு சொன்னேன். துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டுக் கடைக்குப் போயிட்டாக.

இனிமே போன்லயே பேசலாம். ஆனா நான் எழுதுறதை விடப்போறதில்லை. நவராத்திரிக்கு வந்து உங்க வீட்டுக் கொலுவைப் பார்க்கணும். சுண்டல் எனக்கு உப்புக் கம்மியா.

மீனாட்சி


அடையாறு
5 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஹம்சினி. நீங்களும் மாமாவும் சௌக்கியமா? அம்மா ஆத்துக் கொலுவுக்கு நீங்க வந்தப்போ நிறையப் பேர் இருந்தா, உங்களோட தனியாப் பேசவே முடியலை. நீங்களும் ஒண்ணும் கேக்கலை. என் கையைப் பிடிச்சுண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேள். அதுவே எனக்குப் போதுமா இருந்துது. ஆனா எனக்கும் உங்களுக்கு எழுதணும்னு ஆசை வந்துடுத்து.

லாவண்யாகிட்ட நானே பேசிட்டேன். குழந்தையைப் பார்க்க வர எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்னு சொன்னேன். ஏன்னும் சொன்னேன். "எப்ப வேணா வாங்க அண்ணி, இவ எங்க போயிடப் போறா"ன்னா. தினமும் ஒரு போட்டோ அனுப்பிண்டிருந்தவ, இப்ப நான் கேட்டா மட்டும் அனுப்பறா. நேத்து நானா கேட்டு வாங்கிப் பார்த்தேன், அத்தை. உங்க நெத்தி அப்படியே இருக்கு.

ராகேஷும் நானும் காலம்பற பெசன்ட் நகர் பீச்சுக்கு நடக்கப் போறோம். முன்னெல்லாம் அந்தப் பேச்சு வந்தாலே அவன் வேற ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். இப்ப அழுகை வந்தா அழறான். நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். எனக்கு வந்தா அவன் உட்கார்ந்திருக்கான்.

எல்லாரும் என்னைப் பத்தி என்னென்னவோ சொல்லிண்டிருந்தப்போ, நீங்க ஒருத்தர் மட்டும் என்னை ஒரு வார்த்தைகூடக் கேக்காம எனக்காகப் பொய் சொன்னேள். உங்களுக்கு நான் என்ன திருப்பிக் கொடுக்கறதுன்னு யோசிச்சேன். என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்.

முதல் ஸ்கேன்ல டாக்டர் காட்டினப்போ அது அவ்வளவூண்டு இருந்துது. ராகேஷ் திரையில விரலை வெச்சு, "கடுகு மாதிரி இருக்கு"ன்னான். அதிலிருந்து அப்படியே கூப்பிட ஆரம்பிச்சுட்டோம். கடுகு தூங்கறது, கடுகுக்குக் காப்பி வாசனை பிடிக்கலை, கடுகு இன்னிக்கு ஆபீஸ்ல என்னைப் பாடாய்ப் படுத்தறதுன்னு. அந்தப் பேரை எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்குக்கூட.

உங்க பேரக்குழந்தை, அத்தை. பேர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

உங்கள்
ஹம்சினி